நீலச் சட்டைக்காரரின் மேசை

2009 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய மெக்கீஸ் ராக்ஸ் ஊரில் ஓர் இறுதிச் சடங்கு நடந்தது. சவப்பெட்டியைச் சுமந்தவர்கள் கறுப்புக் கோட்டு போடவில்லை. நீலச் சட்டையும் காக்கிக் கால்சட்டையும் அணிந்திருந்தார்கள். பெட்டிக்குள் கிடந்தவர் வாழ்நாளெல்லாம் வேலைக்குப் போட்டுக்கொண்ட உடுப்பு அது.

அவர் பெயர் பில்லி மேஸ். ஜூன் 28 அன்று ஃப்ளோரிடாவின் டாம்பா நகரில் தம் வீட்டில் இறந்தார். வயது 50, இதய நோய். மூன்று நாள் முன்னால்தான் மைக்கேல் ஜாக்சன் இறந்திருந்தார். உலகம் அந்தத் துக்கத்தில் இருந்ததால், அமெரிக்காவுக்கு வெளியே மேஸின் சாவு சில வரிச் செய்தியாகப் போய்விட்டது. ஆனால் கறை நீக்கும் தூளும் ஒட்டும் பசையும் விற்ற அந்தத் தாடிக்காரரின் முகம் தெரியாத அமெரிக்க வீடு அன்றைக்கு அரிது. நம் ஊர்த் தொலைக்காட்சிகளிலும் அந்த வகை விளம்பரங்கள் வந்தன. காய் நறுக்கும் கருவியை ஒரு வெள்ளைக்காரர் காட்ட, உதட்டசைவோடு பொருந்தாத தமிழ்க்குரல் பின்னால் ஓடுவது பலருக்கும் நினைவிருக்கும்.

மேஸுக்காக வருந்துவதென்றால் ஒரு மனிதருக்காக மட்டும் வருந்துவதாகாது. கையில் ஒரே ஒரு பொருள், முன்னால் ஒரு மேசை, தொண்டையில் குரல். இவ்வளவு மட்டும் உள்ள ஒருவர் யாரிடமும் போய் நிற்காமல் சந்தைக்குள் நுழைய ஒரு வழி இருந்தது. அந்த வழியில் கடைசியாகப் பெரிய அளவில் நடந்து காட்டியவர்களில் ஒருவர் அவர். அது எப்படிப்பட்ட வழி, எப்படி அடைபட்டது என்பதைத் தொழிலின் உள்ளிருந்து பார்த்தால்தான் இழப்பு எவ்வளவு என்று புரியும்.

மேஸ் 1958இல் பிறந்தவர். கல்லூரியைப் பாதியில் விட்டு, அப்பாவின் அபாயக் கழிவு அகற்றும் தொழிலில் சில காலம் இருந்தார். 1983இல் நியூஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டிக்குப் போனார். அங்கே கடலையொட்டி மரப்பலகை பாவிய நீண்ட நடைபாதை உண்டு. சூதாட்ட விடுதிகளுக்கு வந்த கூட்டம் அதில் உலாவும். அந்தக் கூட்டத்தை நிறுத்திப் பொருள் விற்பதில் பழகித் தேர்ந்தவர்கள் அங்கே வரிசையாக மேசை போட்டிருந்தார்கள். அவர்களிடம்தான் மேஸ் தொழில் கற்றார். முதலில் விற்றவற்றில் ஒன்று, குழாயில் மாட்டாமலே வாளித் தண்ணீரை இழுத்துப் பீய்ச்சும் ஒரு கழுவும் குழல்.

அந்த நடைபாதை ஒரு கடுமையான பள்ளிக்கூடம். கடையில் நுழைபவர் வாங்கும் எண்ணத்தோடு வருகிறார். நடைபாதையில் போகிறவருக்கு உங்கள் பொருள் இருப்பதே தெரியாது. அவரை நிறுத்த வேண்டும், நிற்க வைக்க வேண்டும், நம்ப வைக்க வேண்டும், பையிலிருந்து காசை எடுக்க வைக்க வேண்டும். எல்லாம் பத்து நிமிடத்துக்குள்.

முதல் வேலை கூட்டம் சேர்ப்பது. காலி மேசை முன்னால் யாரும் நிற்கமாட்டார்கள். அதனால் விற்பவர் வாயைத் திறக்குமுன் கையை அசைக்கிறார்: தக்காளியைச் சீவுகிறார், தண்ணீரைப் பீய்ச்சுகிறார், கண்ணாடியைத் துடைக்கிறார். இரண்டு பேர் நின்றதும் அவர்களைக் கிட்டே வரச் சொல்கிறார். அதற்குக் காரணம் உண்டு. தள்ளி நிற்பவருக்கு நழுவிப் போவது எளிது. மேசையை ஒட்டி நிற்பவர் நகர்ந்தால் அது எல்லார் கண்ணிலும் படும். முன்வரிசை நெருங்கியதும் அதன் முதுகைப் பார்த்து என்னவோ ஏதோவென்று பின்வரிசை சேரும்.

அடுத்து செய்முறை, அதாவது பொருளை இயக்கிக் காட்டுவது. இதில் வரிசை முக்கியம். முதலில் பார்ப்பவர் வீட்டில் நாள்தோறும் படும் தொல்லை, பிறகு பொருள் அதைத் தீர்ப்பது, பிறகு யாரும் எதிர்பாராத ஒரு பெரிய காட்சி. பெரிய காட்சியை முதலிலேயே செய்துவிட்டால் மீதிப் பேச்சுக்குக் காது கிடைக்காது. விலை கடைசியில்தான். நடுவில் ஒருவர் "என்ன விலை?" என்று கேட்டால் பதில் சொல்லாமல் அடுத்த செய்முறைக்குப் போக வேண்டும், பயன் மனதில் பதியுமுன் காதில் விழும் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதிகமாகவே தோன்றும்.

மிகக் கடினமான நொடி, பார்வையாளர் கூட்டத்தை வாங்கும் கூட்டமாகத் திருப்புவது. இங்கேதான் புதியவர்கள் தோற்பார்கள். முதல் ஆளிடம் காசு வாங்கிச் சில்லறை எண்ணத் தொடங்கியதும் பேச்சு நின்றுவிடும். பேச்சு நின்றால் பின்வரிசை கலையும், அது கலைவதைப் பார்த்து நடுவரிசையும் போய்விடும். தேர்ந்தவர் ஒரு கையால் பொருளைக் கொடுத்துக்கொண்டே இன்னொரு செய்முறையைத் தொடங்கியிருப்பார். கடைசி ஆள் காசு நீட்டும்போது அடுத்த கூட்டத்தின் முதல் இரண்டு பேர் வந்து நின்றிருப்பார்கள். நாள் முழுவதும் இப்படியே.

மேஸ் தொலைக்காட்சியில் ஏன் அப்படிக் கத்தினார் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில் என்று நினைக்கிறேன். கடற்காற்றையும் பக்கத்து மேசைக்காரரையும் தாண்டிப் பின்வரிசைக்குக் கேட்க வேண்டிய குரல் அது. ஒலிவாங்கி சட்டையில் ஏறிய பிறகும் அந்தப் பின்வரிசையை அவர் மறக்கவில்லை. "வணக்கம், பில்லி மேஸ் வந்திருக்கிறேன்!" என்ற அந்த ஒற்றை வரி, நடந்து போகிறவரின் காலை நிறுத்துவதற்காகச் செய்யப்பட்டது.

செய்முறை என்பது ஏமாற்று என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒன்றிரண்டைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் வேறு.

1978இல் தொலைக்காட்சிக்கு வந்த கின்சு கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தகர டப்பாவை அறுத்துவிட்டு அதே கத்தியால் தக்காளியை மெல்லிசாகச் சீவுவார்கள். பார்ப்பவர் மலைத்துப் போவார். கத்தி பெயரில்தான் ஜப்பானியம். செய்தது ஓஹையோ மாநிலத்தின் ஃப்ரீமாண்ட் ஊரில். சூட்சுமம் பற்களில் இருக்கிறது. ரம்பம்போல் பல்வெட்டிய கத்தியில் தகரத்தை உரசுவது பற்களின் நுனி. தக்காளித் தோலை அறுக்கும் வேலையில் பாதியைச் செய்வது பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள குழிவு. தகரம் நுனியை மழுங்கடித்தாலும் குழிவின் கூர்மையைத் தொடாது. காட்டியது உண்மை. ஆனால் பல்லில்லாத நல்ல சமையல் கத்தியைவிட இது மேலானது என்று அந்தக் காட்சி நிரூபிக்கவில்லை. பல்வெட்டிய கத்தியைச் சாணை பிடிப்பதும் கடினம். குழிவு ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தீட்ட வேண்டும்.

மேஸ் விற்ற எப்பாக்சிப் பசையின் விளம்பரத்தில் பதினெட்டுச் சக்கர லாரியைப் பசை ஒட்டிய இணைப்பால் இழுப்பார்கள். அமெரிக்க நெடுஞ்சாலையில் அப்படிப்பட்ட லாரிக்குச் சட்டம் அனுமதிக்கும் மொத்த எடை 80,000 பவுண்டு, ஏறக்குறைய 36 டன். பசை 36 டன்னைத் தாங்கியது என்று கண் சொல்லும். சமதரையில் உருளும் சக்கரத்தை நகர்த்த எடையில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான விசை போதும். 0.7 சதவீதம் என்று வைத்தால் சுமார் 250 கிலோ. உள்ளங்கையகலப் பரப்பில் ஒழுங்காக இறுகிய எப்பாக்சி அதைத் தாங்குவதில் வியப்பில்லை. இங்கேயும் காட்சி பொய்யில்லை. கண் தானாகப் பெருக்கிக்கொள்கிறது.

அந்தப் பசையை வாங்கி ஏமாந்ததாகச் சொன்னவர்களில் பலரும் பிசைவதில் தவறியிருப்பார்கள். பசை உருளையாக வரும், அதை வெட்டினால் உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம். ஒன்று பிசின், மற்றது அதை இறுக்கும் பொருள். இரண்டும் கலந்து கோடே தெரியாமல் ஒரே நிறமாகும்வரை ஒன்றிரண்டு நிமிடம் பிசைய வேண்டும். கோடு தெரிந்தால் அந்த இடம் இறுகாது. ஒட்டும் பரப்பில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது. வழவழப்பாக இருந்தால் உப்புத்தாளால் சொரசொரப்பாக்க வேண்டும். பிளாஸ்டிக் வாளி செய்யும் பாலித்தீன் வகைகளிலும் டெஃப்லானிலும் வீட்டில் எப்படிச் செய்தாலும் சரியாக ஒட்டாது. இரண்டு நிமிட விளம்பரத்தில் இதற்கெல்லாம் இடமில்லை. நடைபாதையில் ஒருவர் கேட்டிருந்தால் மேசைக்காரர் செய்து காட்டியிருப்பார்.

மேஸை ஊரறியச் செய்தது ஆக்ஸிகிளீன் என்ற கறை நீக்கும் தூள். அவர் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வீட்டுப்பொருள் கண்காட்சி, கார் கண்காட்சி, மாநிலச் சந்தை என்று நாடு சுற்றியவர். 1993இல் பிட்ஸ்பர்க் கண்காட்சியில் பக்கத்தில் கடை போட்டிருந்த போட்டியாளர் மாக்ஸ் ஆப்பலின் ஒலிவாங்கி பழுதானது. மேஸ் தம்மிடமிருந்த இன்னொன்றைக் கொடுத்தார். டென்வரில் குடும்பமாகத் துப்புரவுப் பொருள் செய்துவந்தவர் ஆப்பல். அந்த நட்பில்தான் 1996இல் மேஸ் அவருடைய நிறுவனத்துக்காக ஃப்ளோரிடாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள, பொருள் விற்பதற்கென்றே ஓடும் தொலைக்காட்சியான ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க்கின் கேமரா முன்னால் நின்றார்.

டப்பாவுக்குள் இருப்பதில் இரகசியம் ஒன்றுமில்லை. சோடியம் பெர்கார்பனேட்டும் சலவைச் சோடாவும் கொஞ்சம் அழுக்கு நீக்கியும். பெர்கார்பனேட் என்பது சலவைச் சோடாவும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து படிகமான தூள்; அதன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு பெராக்சைடு. தண்ணீரில் விழுந்ததும் இரண்டும் பிரிகின்றன. சோடா தண்ணீரைக் காரமாக்குகிறது. காரத்தில் பெராக்சைடு வேகமாக வேலை செய்து, தேநீர், திராட்சை மது, பழச்சாறு போன்றவற்றின் நிறம் தரும் மூலக்கூறுகளை உடைக்கிறது. பெராக்சைடு தன் வேலையை முடித்ததும் மிஞ்சுவது நீரும் ஆக்சிஜனும்.

சரியாகப் பயன்படுத்த: 4 லிட்டர் தண்ணீருக்கு 30 முதல் 60 கிராம். தண்ணீர் சூடாக இருக்க வேண்டும், 40 டிகிரிக்குக் கீழே வேலை மந்தம். தூள் முழுவதும் கரைந்த பிறகு துணியைப் போட்டு, கறையைப் பொறுத்து 1 முதல் 6 மணி நேரம் ஊறவிட வேண்டும். அதன்பிறகு கரைசலில் சக்தி இருக்காது. எடுத்து வைத்து நாளைக்குப் பயன்படுத்த முடியாது. அதைவிட முக்கியம், கரைசலை மூடிய புட்டியில் அடைக்கவே கூடாது. ஆக்சிஜன் வெளியேறிக்கொண்டே இருக்கும், புட்டி வெடிக்கும். பட்டு, கம்பளி, தோல் மூன்றும் கூடாது. காரம் அந்த இழைகளின் புரதத்தை அரிக்கும். இரத்தக் கறையை முதலில் பச்சைத் தண்ணீரில் அலச வேண்டும், சூடு பட்டால் புரதம் துணியோடு பிடித்துக்கொள்ளும். துருக்கறைக்கு இது மருந்தில்லை. நம் வீட்டு மஞ்சள் கறையில் போட்டால் முதலில் சிவந்து பயமுறுத்தும். காரத்தில் மஞ்சள் சிவப்பது இயல்பு. தொடர்ந்து ஊறவைத்து வெயிலில் காயப்போட்டால் வெளுக்கும்.

இந்த வகைத் தூள் விற்பவர்களின் பழைய மேடைக் காட்சி ஒன்று உண்டு. கண்ணாடிப் பாத்திரத் தண்ணீரில் அயோடின் ஊற்றிப் பழுப்பாக்குவார்கள். ஒரு கரண்டி தூளைப் போட்டதும் தண்ணீர் பளிங்காகும். கூட்டம் வாய்பிளக்கும். இது துணிக்கறைக்கான சோதனை இல்லை. காரக் கரைசலில் அயோடின் நிறமற்ற உப்பாக மாறிவிடும். வெறும் சலவைச் சோடாவே அதில் பெரும்பகுதியைச் செய்துவிடும். இதைச் சொல்வதால் தூள் மட்டமாகிவிடாது. தூள் நல்ல தூள். ஆனால் நல்ல பொருளுக்கும் விற்பவர் தேர்ந்தெடுத்த காட்சி எப்போதும் சற்றுக் கூடவே சொல்லும் என்பதை வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். சந்தையில் வளர்ந்தவர்கள் அறிந்தும் இருந்தார்கள்.

இனி மேசை எப்படித் தொலைக்காட்சிக்குள் ஏறியது என்று பார்ப்போம். ஏறிய வாசல்கள்தான் இப்போது மூடிக் கிடக்கின்றன.

1977இல் ஃப்ளோரிடாவின் கிளியர்வாட்டர் பகுதியில் ஒரு வானொலி நிலையத்துக்கு விளம்பரக் கட்டணம் தர முடியாத ஒரு வணிகர், பணத்துக்குப் பதிலாக டப்பா திறக்கும் மின்கருவிகள் 112ஐக் கொடுத்தார். நிலைய உரிமையாளர் லோவல் பாக்சன் அவற்றைத் தம் அறிவிப்பாளர் பாப் சர்கோஸ்டாவிடம் கொடுத்து, நேரலையில் 9.95 டாலருக்கு விற்கச் சொன்னார். 112ம் விற்றுப்போயின. ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க் அங்கிருந்து முளைத்தது. 1982இல் உள்ளூர் கேபிள், 1985இல் நாடு முழுவதும்.

1984இல் அமெரிக்க ஒலிபரப்பு ஆணையம், ஒரு மணி நேரத்தில் 16 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்ற வரம்பை எடுத்துவிட்டது. அதனால் அரை மணி நேரம் முழுக்க ஒரே பொருளின் செய்முறையை ஓட்ட முடிந்தது. நள்ளிரவு தாண்டிய நேரத்துக்கும் ஞாயிறு விடியலுக்கும் பெரிய விளம்பரதாரர் யாரும் வரமாட்டார். நிலையங்கள் அந்த நேரத்தைக் கிடைத்த விலைக்குத் தள்ளின. விற்பவர் அதை எடுத்துக்கொண்டார். நூற்றுக்கணக்கான நிலையங்கள், நூற்றுக்கணக்கான உரிமையாளர்கள். ஒருவர் மறுத்தால் அடுத்தவர்.

கணக்கு எப்படி ஓடியது? பொருளை அடக்கவிலையைப்போல் ஐந்து மடங்குக்கு விற்க வேண்டும் என்பது தொழிலில் எழுதப்படாத விதி. 19.95 டாலர் பொருள் கையில் வந்து சேர 4 டாலருக்குமேல் ஆகக்கூடாது. மாதிரிக்கு ஒரு கணக்கு போடுவோம். விலை 19.95, அனுப்பும் கட்டணம் 6.95, மொத்த வரவு 26.90. பொருளுக்கு 4, கட்டி அனுப்ப 5, தொலைபேசி எடுப்பவருக்கும் கார்டு கட்டணத்துக்கும் 4. மீதி 13.90. ஒரு நிலையத்தில் 1,000 டாலருக்கு நேரம் வாங்கினால், 72 பேர் அழைத்து வாங்கினால் கை கடிக்காது. 100 பேர் என்றால் 390 டாலர் லாபம். 60 பேர் என்றால் 166 டாலர் நட்டம்.

இதைத் துல்லியமாக அளக்க ஒரு எளிய உபாயம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நிலையத்தின் விளம்பரத்துக்கும் ஒரு தனி இலவசத் தொலைபேசி எண். எந்த எண் அடித்ததோ அதை வைத்து எந்த ஊர், எந்த நேரம், எந்தச் செய்முறை வேலை செய்தது என்று மறுநாள் காலையே தெரிந்துவிடும். தோற்றால் அந்த வாரமே நிறுத்தலாம். பெரிய சோப்பு நிறுவனம் ஆண்டுக்கணக்கில் விளம்பரம் போட்டுக் குருட்டாம்போக்கில் ஊகித்ததை, ஒரு சிறு வியாபாரி ஒரே இரவில் அளந்தார். இணைய விளம்பரம் தன் கண்டுபிடிப்பாகச் சொல்லிக்கொள்ளும் பலவும் அப்போதே இருந்தவை.

அழைத்தவர்களின் பெயரும் முகவரியும் விற்றவரிடமே இருந்தன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த பொருளுக்கு அதுதான் மூலதனம்.

இந்த வழியில் நுழைந்தவர்களில் ஒருவர் ஏ.ஜே. குபானி. இந்தியாவிலிருந்து குடியேறிய பெற்றோரின் மகன். 1983இல் பத்திரிகை விளம்பரத்தில் சிறு வானொலிப் பெட்டி விற்கத் தொடங்கி டெலிபிராண்ட்ஸ் நிறுவனத்தை எழுப்பினார். கடைகளில் சிவப்பு முத்திரையோடு "தொலைக்காட்சியில் பார்த்தது" என்று பொருள்கள் அடுக்கப்பட்டதற்கு அவர் முக்கியக் காரணம்.

இந்தத் தொழிலின் அழுக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அனுப்பும் கட்டணத்தில்தான் பெரிய அநியாயம். "இன்னொன்று இலவசம், அனுப்பும் கட்டணம் மட்டும்" என்றால் 6.95 இரண்டு முறை, 13.90. பிடிக்காமல் திருப்பி அனுப்பினால் பொருளின் விலையான 19.95 மட்டும் வரும்; 13.90 போனது போனதுதான், திருப்பி அனுப்பும் செலவும் வாங்கியவர் தலையில். அந்த இரண்டு பொருளையும் விற்றவர் ஒரே அட்டைப்பெட்டியில் அனுப்பியிருப்பார். இப்படி விற்றவர்களை யாரையும் ஏமாற்றாதவர்கள் என்று சொல்ல முடியாது. சொன்ன நாளுக்குள், நாள் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும், முடியாவிட்டால் வாங்கியவரின் சம்மதம் கேட்க வேண்டும் என்று 1975இல் அமெரிக்க வணிக ஆணையம் தபால் விற்பனைக்கு விதி போட்டதும், 1993இல் அதைத் தொலைபேசி விற்பனைக்கும் நீட்டியதும் தேவையாக இருந்ததால்தான்.

ஆனாலும் மேஸ் இறந்த ஆண்டை எண்ணிப் பாருங்கள். 2009 ஜூன் 1 அன்று ஜெனரல் மோட்டார்ஸ் திவால் மனு கொடுத்தது. அரசு பணம் போட்டு அதைத் தூக்கி நிறுத்தி, புதிய நிறுவனத்தில் கிட்டத்தட்ட 60 சதவீதப் பங்கை வைத்துக்கொண்டது. கார் நிறுவனங்களும் வங்கிகளும் விளம்பரத்தைச் சுருக்கியதில் தொலைக்காட்சி நேரம் மலிந்தது. அந்த வெற்றிடத்தில் மேஸின் குரல் முன்னெப்போதையும்விட அதிகமாகக் கேட்டது. அந்த ஏப்ரலில்தான் டிஸ்கவரி சேனலில் அவரும் சக விற்பனையாளர் ஆன்டனி சல்லிவனும் தோன்றிய தொடர் வரத் தொடங்கியது. கொட்டகையிலும் கராஜிலும் எதையோ கண்டுபிடித்தவர்கள் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு இவர்களிடம் வருவார்கள். வேலை செய்கிறதா, மக்கள் வாங்குவார்களா, இரண்டே கேள்வி. பதில் இல்லை என்றால் போட்ட பணம் போட்டவரோடு போகும், அரசு வந்து கைதூக்காது. தோல்வியைத் தானே சுமக்கும் இந்த ஒழுங்கைத்தான் சுதந்திரத் தொழில் என்று சொல்ல வேண்டும். அந்தக் கோடையில் அது பெரிய நிறுவனங்களிடம் இல்லை, நீலச் சட்டைக்காரரின் மேசையில் இருந்தது.

இந்த வழி அடைபட்டது ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் லாபம் தொலைபேசியிலிருந்து கடை அடுக்குக்கு நகர்ந்தது. விளம்பர நேரத்தின் விலை ஏற ஏற, தொலைக்காட்சியில் நட்டத்துக்கு ஓட்டிப் பெரிய கடைகளில் விற்று ஈடுகட்டுவது வழக்கமாயிற்று. அதன் பொருள், இனி நூறு நிலையங்களின் தயவு தேவையில்லை, நாலைந்து பெருங்கடைகளின் கொள்முதல் அதிகாரி தலையசைக்க வேண்டும். ஓர் அதிகாரி மறுத்தால் நாடு முழுவதும் மறுத்ததாகும். கூடவே நகல். விளம்பரம் ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே அதே போன்ற பொருள் சீனத் தொழிற்சாலையிலிருந்து வந்து அதே அடுக்கில் குறைந்த விலைக்கு உட்காரும். செய்முறை காட்டிச் சந்தையை உருவாக்கும் செலவு ஒருவருக்கு, விற்பனை இன்னொருவருக்கு. காப்புரிமை வழக்கு நடத்த ஆகும் பணம் பெரும்பாலான கண்டுபிடிப்பாளர்களிடம் கிடையாது.

வென்ற பொருள்களைப் பெரியவர்கள் வாங்கினார்கள். 2006இல் ஆப்பலின் நிறுவனத்தைச் சமையல் சோடா செய்யும் சர்ச் அண்ட் டுவைட் 32.5 கோடி டாலருக்கு வாங்கியது. ஆப்பல் குடும்பத்துக்கு அது நியாயமான பலன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆக்ஸிகிளீன் அதன்பிறகு மற்ற சோப்புகளோடு நிற்கும் இன்னொரு டப்பா. அதை விற்க இப்போது அயோடினும் வேண்டாம், பில்லி மேஸும் வேண்டாம்.

பிறகு இணையச் சந்தை. இது கதவைத் திறந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். யார் வேண்டுமானாலும் அமேசானில் பொருள் போடலாம் என்பது உண்மைதான். கணக்கைப் பாருங்கள். அதே 19.95 டாலர் பொருள். சமையலறைப் பொருள்களுக்குத் தரகு 15 சதவீதம், 2.99. பொருளுக்கு 4. கிடங்கு, அனுப்புதல் 4 என்று வைப்போம். மீதி 8.96. தேடலில் முதல் பக்கத்தில் தெரிய விளம்பரம் கொடுக்க வேண்டும். ஒரு சொடுக்குக்கு 1 டாலர், பத்தில் ஒருவர் வாங்குகிறார் என்றால் 10 டாலர். விற்கும் ஒவ்வொன்றுக்கும் 1.04 நட்டம்.

எண்களைவிடக் கனமான வேறுபாடு ஒன்று உண்டு. மேஸின் காலத்தில் நேரத்தை விற்ற நிலையத்துக்கு விற்பவரின் பொருளில் பங்கில்லை. இணையச் சந்தையின் உரிமையாளர் கடையும் அவரே, விளம்பரப் பலகையும் அவரே, கிடங்கும் அவரே, பல வகைகளில் போட்டிப் பொருள் விற்பவரும் அவரே. வாங்கியவர் யார், அவருடைய மின்னஞ்சல் எது என்று விற்றவருக்குத் தெரியாது. ஓர் அறிவிப்பில் கணக்கை முடக்கினால் வியாபாரம் அன்றோடு நிற்கும். அடுத்த நிலையத்துக்குப் போகலாம் என்றால் அடுத்த நிலையம் அந்த அளவில் இல்லை. இதைத் தனியார் வணிகம் என்று சொல்லலாம். சுதந்திரமான வணிகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செய்முறையும் போய்விட்டது. இப்போது பொருள் தன்னை நிரூபிப்பது நட்சத்திரக் குறிகளாலும் முன்பின் தெரியாதவர்களின் மதிப்புரைகளாலும். மதிப்புரையைக் காசு கொடுத்து வாங்கலாம். தக்காளியைக் காசு கொடுத்துச் சம்மதிக்க வைக்க முடியாது. கத்தி மழுங்கினால் ஐம்பது பேர் முன்னால் நசுங்கிவிடும். நடைபாதை மேசைக்காரர் ஒவ்வொரு நாளும் அந்த ஆபத்தோடுதான் வேலை செய்தார். கைப்பேசியில் நேரலையாகப் பொருள் விற்கும் இளைஞர்களிடம் அந்தத் திறமையின் சாயல் தெரிகிறது. கூட்டத்தைத் திருப்பவும் விலையைக் கடைசியில் சொல்லவும் தெரிந்தவர்கள் அவர்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் முகம் எத்தனை பேருக்குத் தெரிய வேண்டும் என்று முடிவு செய்வது மட்டும் வேறொருவருடைய நிரல்.

ஹோம் ஷாப்பிங் நெட்வொர்க்கை அதன் பழைய போட்டியாளரான கியூவிசியின் தாய் நிறுவனம் 2017இல் வாங்கியது. 2025 ஜனவரியில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வளாகத்தை மூடி, வேலையைப் பென்சில்வேனியாவுக்கு மாற்றப்போவதாக அறிவித்தார்கள். நடைபாதையிலும் சந்தைகளிலும் பதின்மூன்று ஆண்டுகள் நின்று விற்ற ஒருவர், 1996இல் ஆரஞ்சு மணக்கும் துப்புரவு நீரை மேசைமேல் வைத்து முதன்முதலாக நாடு முழுவதற்கும் குரல் கொடுத்தது அந்த ஊரிலிருந்துதான்.